‘ஸ்டேட்’ என்பதெல்லாம் மாநிலம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சில நாட்களுக்கு முன் தங்கள் நாளிதழில் டெல்லி நீதிமன்றச் செய்தி ஒன்று வெளியாகியிருந்தது. குற்ற வழக்கொன்றில் கைதானவருக்கு ஜாமீன் வழங்க ‘மாநில அரசு கடும் எதிர்ப்பு’ தெரிவித்ததாக அதன் தலைப்பு கூறியது. அதே செய்தியை ஆங்கில இதழ் ஒன்றிலும் படித்தேன். அங்கே ‘ஸ்டேட்’ என்ற சொல் மட்டுமே இருந்தது. குற்ற வழக்குகளில் அந்தச் சொல் குற்றம் சாட்டும் தரப்பைக் குறிக்கும். நாம் காலங்காலமாக ‘அரசுத் தரப்பு’ என்று சொல்லி வருவது அதைத்தான். டெல்லியிலோ காவல்துறை டெல்லி அரசின் கையில் இல்லை. 1991-ல் 69-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 239ஏஏ பிரிவு, காவல், பொது ஒழுங்கு, நிலம் ஆகிய மூன்றையும் டெல்லி சட்டமன்றத்தின் அதிகாரத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. டெல்லி காவல்துறை மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. டெல்லி முழு மாநிலமும் அல்ல. ஆகவே ஜாமீனை எதிர்த்தது மத்திய அரசின் கீழுள்ள காவல்துறையாக இருக்க, தங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் அதை டெல்லி முதலமைச்சரின் நிலைப்பாடாகவே புரிந்துகொண்டிருப்பார்கள்.

ஒரு பிழையைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போகும் எண்ணத்தில் இதை எழுதவில்லை. வழக்கறிஞராகத் தொழில் செய்யும் எனக்கு, ‘ஸ்டேட்’ என்ற இந்த ஒரு சொல் தமிழில் படும் பாடு நெடுநாளாகவே கவலை அளித்து வருகிறது. தங்கள் இதழில் மட்டும் அல்ல, தொலைக்காட்சிச் செய்திகளிலும், போட்டித் தேர்வுக்கான கையேடுகளிலும்கூட, அதைக் கண்ட இடத்தில் எல்லாம் ‘மாநிலம்’ என்று பெயர்த்துவிடும் வழக்கம் பரவிவிட்டது. ஒரு செய்தியில் அதிகாரம் யாருடையது, பொறுப்பு யாருடையது, குறையிருந்தால் யார் மீது வழக்குத் தொடரலாம் என்பவை எல்லாம் பல நேரங்களில் இந்தச் சொல்லை எப்படிப் பொருள் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே இருக்கின்றன. அதனால்தான் இவ்வளவு நீண்ட கடிதம் எழுதத் துணிந்தேன்.

‘ஸ்டேட்’ இலத்தீன் மொழியின் ‘ஸ்டேட்டஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கு நிற்கும் விதம், நிலை என்று பொருள். அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. பொருள்களின் திண்ம, திரவ, வாயு நிலைகளைச் சொல்லும்போதும், நோயாளியின் உடல்நிலையைச் சொல்லும்போதும், அவசரநிலைப் பிரகடனத்திலும் வருவது இந்தச் சொல்லே. வினையாக வந்தால் ‘எடுத்துரைத்தல்’ என்று பொருள்படும். இந்த இடங்களில் எந்த உதவி ஆசிரியரும் தடுமாறுவதில்லை, ஏனெனில் பக்கத்தில் நிற்கும் சொற்களே பொருளைக் காட்டிக் கொடுத்துவிடுகின்றன. ஆட்சியும் அதிகாரமும் சம்பந்தப்பட்ட இடங்களில்தான் தடுமாற்றம் நேர்கிறது. நாடு, நாட்டின் அரசு, கூட்டாட்சியின் உறுப்பாகிய மாநிலம், வெள்ளையர் காலத்துச் சமஸ்தானம் ஆகிய நான்கையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கிறது. தமிழில் நான்குக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. புதுக்கோட்டை 1948 மார்ச் மாதத்தில் சென்னை மாகாணத்தோடு இணைந்தது என்று எழுதும் எவரும் அதைப் புதுக்கோட்டை ‘மாநிலம்’ என்று எழுதமாட்டார்கள். சமஸ்தானம் என்றே எழுதுவார்கள், ஆங்கில ஆவணத்தில் ‘ஸ்டேட்’ என்று இருந்தாலும். அந்த விழிப்பு மற்ற இடங்களில் ஏன் கைவிட்டுப் போகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

வெளிநாட்டுச் செய்திகளைப் பார்ப்போம். ஐக்கிய நாடுகள் சபையின் ‘மெம்பர் ஸ்டேட்ஸ்’ 193 உறுப்பு நாடுகள். வளைகுடா ‘ஸ்டேட்ஸ்’ வளைகுடா நாடுகள். எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் பால்டிக் நாடுகள். பன்னாட்டுச் சட்டத்தில் ‘ஸ்டேட்’ என்றால் தன்னுரிமை கொண்ட நாடு என்றே பொருள். நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, ஓர் அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன் ஆகியவை அதற்கு வேண்டும் என்று 1933-ஆம் ஆண்டின் மாண்டிவீடியோ ஒப்பந்தம் வரையறுத்தது. இத்தகைய செய்திகளில் பிழை நேர்ந்தாலும் வாசகரே ஊகித்துத் திருத்திக் கொள்ள முடியும் என்பதால் இதில் நான் அதிகம் தங்கவில்லை.

ஆனால் பதவிப் பெயர்களில் ஊகம் கைகொடுக்காது. அமெரிக்காவின் ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’ அந்நாட்டின் வெளியுறவு அமைச்சர் என்பதைத் தமிழ் இதழ்கள் சரியாகவே எழுதி வருகின்றன. அதே பெயரில் அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களிலும் ஒரு பதவி உண்டு. மாநில ஆவணங்களையும், பல இடங்களில் தேர்தல் நடத்தும் பணியையும் கவனிப்பவர் அவர். 2021 ஜனவரி 2 அன்று அதிபர் டிரம்ப் தொலைபேசியில் அழைத்து, 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கேட்டது ஜார்ஜியா மாநிலத்தின் ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’ பிராட் ராஃபென்ஸ்பெர்கரிடம். அவரை வெளியுறவு அமைச்சர் என்று எழுதினால், அதிபர் தன் அமைச்சரவைச் சகாவோடு பேசியதாக ஆகிவிடும். மாநிலத் தேர்தலில் தலையிட முயன்றார் என்ற குற்றச்சாட்டின் அடிப்படையே வாசகருக்குப் பிடிபடாமல் போகும். அன்றைய வெளியுறவு அமைச்சர் மைக் பாம்பியோ என்பதை நினைவில் வைத்திருக்கும் ஒருவர் செய்தி மேசையில் இருந்தால் இந்தப் பிழை நேராது. நம் நாட்டின் ‘மினிஸ்டர் ஆஃப் ஸ்டேட்’ இணை அமைச்சர். இலங்கையில் ‘ஸ்டேட் மினிஸ்டர்’ என்பவரை அங்குள்ள தமிழர் இராஜாங்க அமைச்சர் என்பார்கள். இரண்டையும் ‘மாநில அமைச்சர்’ என்று ஆக்கிவிடும் மொழிபெயர்ப்புகளை நான் பார்த்திருக்கிறேன். 1858 முதல் 1947 வரை இலண்டனில் அமர்ந்து இந்தியாவின் ஆட்சியைக் கவனித்த ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஃபார் இந்தியா’ என்பவரை அந்நாளைய தமிழ்ப் பத்திரிகையாளர்கள் ‘இந்தியா மந்திரி’ என்று எழுதினார்கள். அந்தப் பெயரில் ‘ஸ்டேட்’ என்ற சொல்லின் சுவடே இல்லை. ஆனால் அவர் யார், என்ன வேலை பார்க்கிறார் என்பது படித்த மாத்திரத்தில் விளங்கிவிடும். அவர்கள் சொல்லைப் பெயர்க்கவில்லை, ஆளை அறிந்து எழுதினார்கள். இன்றைய வேகத்தில் நாம் இழந்துவிட்ட நல்ல பழக்கம் அது.

உள்நாட்டுப் பொருளாதாரச் செய்திகளில் ‘ஸ்டேட் ரன்’, ‘ஸ்டேட் ஓன்ட்’ என்ற தொடர்கள் நாள்தோறும் வருகின்றன. அவற்றுக்கு அரசுத் துறை, பொதுத்துறை என்று பொருள். பெட்ரோல் விற்கும் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் மத்திய அரசுக்குச் சொந்தமானவை. அவற்றை ‘மாநில அரசு எண்ணெய் நிறுவனங்கள்’ என்று எழுதினால், விலை உயரும்போது பழி தவறான வாசலில் போய் விழும். இதன் விளைவை நேரில் பார்த்தவன் நான். பயிர்க் காப்பீட்டுத் தொகை கிடைக்காத விவசாயி ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். மேசை மீது அவர் விரித்து வைத்த செய்தி நறுக்கில், காப்பீட்டு நிறுவனம் ‘மாநில அரசுக்குச் சொந்தமானது’ என்று இருந்தது. உண்மையில் அது மத்தியப் பொதுத்துறை நிறுவனம். செய்தியை நம்பி, மாநிலத்தின் பதில்தான் இறுதி என்று காத்திருந்திருக்கிறார். முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு அனுப்பிய மனு, கோட்டாட்சியர் அலுவலகம், வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம் என்று சுற்றி, ‘இந்நிறுவனம் இவ்வலுவலகக் கட்டுப்பாட்டில் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு அவரிடமே திரும்பி வந்திருந்தது. அந்த வரியின் கீழ் பேனாவால் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார். நிறுவனத்துக்கு நேரடியாகச் செய்திருக்க வேண்டிய முறையீட்டுக்கான காலக்கெடு அதற்குள் கடந்துவிட்டது.

வங்கிப் பெயர்களைப் பாருங்கள். இம்பீரியல் வங்கி 1955 ஜூலை 1 அன்று ‘ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியா’ ஆனபோது, அந்தப் பெயரில் வந்த ‘ஸ்டேட்’ எந்த மாநிலத்தையும் குறிக்கவில்லை; நாட்டின் அரசு தன் கையில் எடுத்துக்கொண்ட வங்கி என்பதையே குறித்தது. தமிழில் பாரத ஸ்டேட் வங்கி என்று அந்தச் சொல்லைத் தொடாமல் வைத்திருப்பது நல்லதாயிற்று. மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியின் ஆங்கிலப் பெயரிலும் ‘ஸ்டேட்’ உண்டு. அங்கே அது மாநிலமேதான்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான இடம் நம் அரசியலமைப்புச் சட்டம். அதன் முதல் பிரிவு இந்தியாவை ‘ஸ்டேட்’களின் ஒன்றியம் என்று கூறுகிறது, அங்கே அது மாநிலம், ஐயமே இல்லை. அடிப்படை உரிமைகளைச் சொல்லும் மூன்றாம் பாகம் 12-ஆவது பிரிவோடு தொடங்குகிறது. அந்தப் பிரிவு ‘ஸ்டேட்’ என்பதற்குத் தனி விளக்கம் தருகிறது: மத்திய அரசாங்கம், நாடாளுமன்றம், ஒவ்வொரு மாநிலத்தின் அரசாங்கம், சட்டமன்றம், உள்ளாட்சி அமைப்புகள், பிற அதிகார அமைப்புகள் ஆகிய எல்லாம் அதில் அடங்கும். இந்த ஒரே வாக்கியத்துக்குள் ‘ஸ்டேட்’ இரண்டு முறை இரண்டு பொருளில் வருகிறது. தொடக்கத்தில் வருவது அரசு, நடுவில் பன்மையில் வருவது மாநிலங்கள். ஆங்கிலத்தில் படிப்பவருக்கு முதலாவதன் முன்னால் நிற்கும் ‘தி’ என்ற சுட்டும், அடுத்ததன் பன்மை விகுதியும் சிறு துணையாக அமைகின்றன. தமிழில் அத்தகைய சுட்டு கிடையாது. ஆகவே மொழிபெயர்ப்பவர் அந்தத் துணையை இழந்து, பொருளை மட்டுமே நம்பி நடக்க வேண்டியிருக்கிறது. ‘தி’ இருந்தாலே அரசு என்று முடிவு கட்டவும் முடியாது. ஆளுநரைப் பற்றிப் பேசும் ஆறாம் பாகத்தில் அதே சுட்டோடு வருவது மாநிலமே. சட்டத்தை இயற்றியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. ‘இடம் வேறு பொருளை வேண்டினாலன்றி’ என்ற எச்சரிக்கையை அவர்கள் 12-ஆவது பிரிவின் வாசலிலேயே வைத்தார்கள்.

அந்த எச்சரிக்கை எவ்வளவு தேவையானது என்பதை 16-ஆவது பிரிவில் காணலாம். அரசு வேலையில் எல்லாருக்கும் சம வாய்ப்பு என்பதே அந்தப் பிரிவு. அதன் இரண்டாம் உட்பிரிவு, ‘ஸ்டேட்’டின் கீழுள்ள எந்தப் பணியிலும் மதம், இனம், சாதி, பால், மரபுவழி, பிறந்த இடம், வசிப்பிடம் என்பவற்றை மட்டுமே காரணமாக வைத்து எந்தக் குடிமகனையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. இங்கே அது 12-ஆவது பிரிவின் அகலமான ‘அரசு’. இதை ‘மாநிலத்தின் கீழுள்ள பணி’ என்று ஒரு கையேட்டில் பெயர்த்திருந்ததைக் கண்டேன். அதைப் படிக்கும் இளைஞர், ரயில்வேயிலோ அஞ்சல் துறையிலோ தனக்குப் பாகுபாடு நேர்ந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது என்றுதான் நினைப்பார். அடுத்த வரியிலேயே வருவது மூன்றாம் உட்பிரிவு. ஒரு ‘ஸ்டேட்’டில் உள்ள சில வகைப் பணிகளுக்கு, அந்த ‘ஸ்டேட்’டில் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை விதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாம் என்று அது கூறுகிறது. இங்கே மாநிலம் என்பதைத் தவிர வேறு பொருள் கொள்ளவே முடியாது. இரண்டு உட்பிரிவுகளுக்கும் இடையே ஒரு வரி இடைவெளிகூட இல்லை. சொல் ஒன்று, பொருள் இரண்டு.

இந்த மூன்றாம் உட்பிரிவின் பேரில் 1957-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி ஆந்திரப் பிரதேசத்தின் தெலங்கானாப் பகுதியில் உள்ள சில பணிகளுக்கு, அந்தப் பகுதியிலேயே குறிப்பிட்ட காலம் வசித்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றபோது, வாதம் முழுவதும் ‘ஸ்டேட்’ என்ற சொல்லைச் சுற்றியே நின்றது. நாடாளுமன்றம் நிபந்தனை விதிக்கலாம் என்று அரசியலமைப்பு சொல்வது மாநிலத்துக்குள் வசிப்பதைப் பற்றி. ஒரு மாநிலத்தின் ஒரு பகுதியையோ, மாவட்டத்தையோ, தாலுகாவையோ பற்றி அல்ல. மாநிலம் என்றால் முழு மாநிலமே என்று 1969 மார்ச் மாதத்தில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெலங்கானா பற்றிய விதி செல்லாமல் போயிற்று. உள்ளூர் மக்களுக்கே வேலை என்ற கோரிக்கையால் அந்தப் பகுதி கொந்தளித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. பின்னர் 32-ஆவது திருத்தத்தின் மூலம் 371டி என்ற தனிப் பிரிவையே சேர்த்து, ஆந்திரத்துக்கு வேறு ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. ஒரு சொல் எவ்வளவு பரப்பைக் குறிக்கிறது என்ற கேள்வி, பல்லாயிரம் பேரின் பிழைப்பையும் ஓர் அரசியலமைப்புத் திருத்தத்தையும் தொட்டு நின்றது என்பதை இளைய பத்திரிகையாளர்கள் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

‘அரசு’ என்ற பொருளிலும் எல்லைத் தகராறு உண்டு. 12-ஆவது பிரிவின் ‘பிற அதிகார அமைப்புகள்’ என்ற தொடரில் எவை எவை அடங்கும் என்பதே அது. இதில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இணைவு பெற்ற கல்லூரிகள் மாணவிகளைச் சேர்ப்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகம் விதித்திருந்த கட்டுப்பாட்டை, அப்போது சென்னை மாநிலத்தில் இருந்த உடுப்பியைச் சேர்ந்த கல்லூரி ஒன்றில் இடம் மறுக்கப்பட்ட மாணவி எதிர்த்தார். பல்கலைக்கழகம் ஆட்சி நடத்தும் அமைப்பு அல்ல, ஆகவே அது ‘ஸ்டேட்’ ஆகாது, பாகுபாட்டைத் தடுக்கும் 15-ஆவது பிரிவை அதன் மீது ஏவ முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் அதைக் காணலாம். ராஜஸ்தான் மாநில மின்சார வாரியத்தைப் பற்றிய வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம் இந்தக் குறுகலான விளக்கத்தை ஏற்க மறுத்து, சட்டத்தால் அமைந்து அதிகாரம் பெற்ற வாரியமும் ‘ஸ்டேட்’டே என்றது. அந்த வாரியத்தின் பெயரிலேயே ‘ஸ்டேட்’ இருக்கிறது, அது மாநிலம். வழக்கில் கேட்கப்பட்ட கேள்வி அது ‘ஸ்டேட்’டா என்பது, அது அரசு. இந்தத் தீர்ப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்க முயல்பவர் என்ன எழுதுவார் என்று நினைத்துப் பாருங்கள். பிறகு 1981-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற வழக்கு ஒன்றில், சங்கமாகப் பதிவு செய்யப்பட்ட ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரியும் ‘ஸ்டேட்’டே என்று முடிவாயிற்று. நேர்முகத் தேர்வுக்கு மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கியிருந்ததும், மாணவர் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடங்களே கொடுத்து அதை நடத்தியதும் அங்கே கேள்விக்குள்ளாயின. கல்லூரி ‘ஸ்டேட்’ என்று ஆனதால்தான் அந்த மாணவர்களின் குறையைச் சமத்துவ உரிமையின் பேரில் நீதிமன்றம் கேட்க முடிந்தது. மாறாக, இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் ‘ஸ்டேட்’ அல்ல என்று 2005-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர் தீர்ப்பளித்தனர். இதை ‘வாரியம் மாநிலம் அல்ல’ என்று எழுதினால், அந்த வரிக்குப் பொருளே இல்லை.

நெறிமுறைக் கோட்பாடுகளைச் சொல்லும் நான்காம் பாகத்துக்கும் இதே விளக்கம் பொருந்தும் என்று 36-ஆவது பிரிவு கூறுகிறது. தமிழ்நாட்டில் அடிக்கடி பேசப்படும் மதுவிலக்கு 47-ஆவது பிரிவில் வருகிறது. அதைக் கொண்டுவர முயல வேண்டும் என்று சொல்லப்பட்டிருப்பது ‘அரசு’க்கு. மதுவைப் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், நடைமுறையில் அந்தக் கடமை பெரும்பாலும் மாநிலத்தின் தோளில் விழுகிறது என்பது உண்மை. ஆனால் அது அதிகாரப் பங்கீட்டால் வந்த முடிவே தவிர, 47-ஆவது பிரிவின் சொல்லால் வந்தது அல்ல. பொது உரிமையியல் சட்டம் (பொது சிவில் சட்டம்) பற்றிய 44-ஆவது பிரிவில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. திருமணமும் வாரிசுரிமையும் பொதுப் பட்டியலில் இருப்பதால் நாடாளுமன்றமும் இயற்றலாம், சட்டமன்றமும் இயற்றலாம். உத்தராகண்ட் சட்டமன்றம் 2024-ல் அப்படியொரு சட்டத்தை நிறைவேற்றியது. ‘மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியலமைப்பு கட்டளையிடுகிறது’ என்று ஒரு தரப்பார் எழுதுவதற்கும், ‘அரசு முயல வேண்டும் என்கிறது’ என்று எழுதுவதற்கும் இடையே ஒரு பெரிய அரசியல் விவாதமே அடங்கியிருக்கிறது. அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், மூலத்தில் இருப்பது என்ன என்பதை வாசகர் அறியும் உரிமை உடையவர்.

தமிழிலும் ஒரு சிக்கல் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ‘அரசு’ என்ற நம் சொல்லும் இரண்டு பொருளைச் சுமக்கிறது. ஆட்சியில் அமர்ந்திருக்கும் அரசாங்கமும் அரசு. ஆட்சிகள் மாறினாலும் மாறாமல் நிற்கும் நாட்டின் அதிகார அமைப்பும் அரசு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் ஏழாம் அத்தியாயம் ‘ஸ்டேட்’டுக்கு எதிரான குற்றங்களைப் பற்றியது. அதை ‘அரசுக்கு எதிரான குற்றங்கள்’ என்று எழுதும்போது, ஆளுங்கட்சியைக் குறை சொல்வதே குற்றம் என்று படிப்பவர் அஞ்ச இடமிருக்கிறது. அமைச்சர்களையும் அவர்களுடைய நடவடிக்கைகளையும் எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும் அது மட்டுமே தேசத் துரோகம் ஆகாது என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவைப் பற்றி 1962-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. சட்டத்தின்படி அமைந்த ஆட்சியமைப்பு வேறு, அதை அப்போதைக்கு நடத்துபவர்கள் வேறு என்ற அந்தப் பாகுபாடு, ‘அரசுக்கு எதிராகப் பேசியவர் கைது’ என்ற தலைப்பில் கரைந்துவிடுகிறது. இலங்கைத் தமிழ் இதழ்களில் அரசு, அரசாங்கம் என்ற இரண்டையும் பெரும்பாலும் வேறு வேறாக ஆள்வதைக் காண்கிறேன். நாமும் ஆட்சியில் இருப்பவர்களைக் குறிக்கும் இடத்தில் அரசாங்கம் என்று எழுதத் தொடங்கினால் குழப்பம் கணிசமாகக் குறையும். ‘தமிழ்நாடு அரசு’ என்பது நம் நாவில் ஊறிப்போன தொடர், அதை மாற்றச் சொல்லவில்லை. குற்ற வழக்குச் செய்திகளிலும் உரிமை பற்றிய செய்திகளிலும் மட்டுமாவது இந்த வேறுபாட்டைக் காக்கலாம் என்பது என் கருத்து.

இந்தப் பிழைகளுக்கு உதவி ஆசிரியர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. செய்தி நிறுவனம் ஆங்கிலத்தில் அனுப்பும் செய்தியைச் சில நிமிடங்களில் தமிழாக்கி இணையத்தில் ஏற்ற வேண்டிய நெருக்கடியில் அவர்கள் வேலை செய்கிறார்கள். இப்போது கணினி மொழிபெயர்ப்பும் சேர்ந்துகொண்டது. நான் சோதித்துப் பார்த்த வரையில், ஐயமான இடங்களில் அது ‘மாநிலம்’ என்ற பக்கமே சாய்கிறது. வாக்கியம் தமிழில் சீராக அமைந்துவிடுவதால், பார்வையிடுபவரின் கண்ணுக்கும் அது தப்பிவிடுகிறது. கொச்சையான மொழிபெயர்ப்பு தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். இந்தப் பிழை அப்படிக் காட்டிக் கொடுப்பதில்லை.

2021-ல் ‘மத்திய அரசு’ என்று எழுதுவதா ‘ஒன்றிய அரசு’ என்று எழுதுவதா என்ற விவாதம் தமிழ்நாட்டில் எழுந்தபோது, தங்கள் இதழ் உட்பட எல்லா இதழ்களும் முதல் பிரிவின் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்துப் பேசின. அதே பிரிவில் ‘ஒன்றியம்’ என்பதற்குப் பக்கத்திலேயே நிற்கும் ‘ஸ்டேட்’ என்ற சொல்லுக்கும் அந்த அக்கறை கிடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நீதிமன்றச் செய்திகளில் ‘ஸ்டேட்’ எதிர்த்தது, ‘ஸ்டேட்’ வாதிட்டது என்று வரும்போது, டெல்லி காவல்துறையா, சிபிஐயா, தமிழ்நாடு காவல்துறையா என்று வழக்கை நடத்தும் அமைப்பின் பெயரையே எழுதிவிடலாம். சிபிஐ நடத்தும் வழக்குகளின் தலைப்பிலும் பல நேரங்களில் ‘ஸ்டேட்’ என்றே இருக்கும் என்பதால் இது அவசியம். அமைப்பு எது என்று தெரியாவிட்டால் ‘அரசுத் தரப்பு’ என்று எழுதுவது எந்த வழக்கிலும் தவறாகாது. பொருளாதாரச் செய்திகளில் நிறுவனம் மத்திய அரசுடையதா மாநில அரசுடையதா என்று ஒரு முறை சரிபார்த்த பின்னரே அந்த அடைமொழியைச் சேர்க்க வேண்டும். அடிப்படை உரிமைகளைப் பற்றிய தீர்ப்புகளில் ‘அரசு’ என்று எழுதி, மத்திய, மாநில அரசுகளும் ஊராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளும் அதில் அடங்கும் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். குடிநீர் இணைப்பு தர மறுக்கும் ஊராட்சியிடம் சம நடத்தையைக் கேட்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்பதை ஒரு கிராமத்து வாசகர் அந்த வரியிலிருந்து தெரிந்துகொள்வார்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட டெல்லிச் செய்திக்குத் தங்கள் இதழில் ஒரு திருத்தம் வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். இணையப் பதிப்பில் அதன் தலைப்பு இன்னும் மாறாமல் இருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
வழக்கறிஞர்,
திருநெல்வேலி.